அயோவாவில் ஒரு பள்ளி வருடம்: எடுத்த பாடங்களும் எடுக்க விடாத பாடமும்

1959 ஆகஸ்ட் கடைசியில், அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு முதலில் தந்தது புத்தகம் அல்ல, ஒரு பூட்டு. நடைபாதைச் சுவரோரம் வரிசையாக நின்ற இரும்பு லாக்கர்களில் ஒன்று எனக்கு. அதற்குச் சாவியில்லாத எண் பூட்டு. வலப்பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றி முதல் எண்ணில் நிறுத்த வேண்டும். பிறகு இடப்பக்கம் திருப்பி, அந்த எண்ணை ஒருமுறை தாண்டி, இரண்டாவது எண். மறுபடி வலம். திண்டுக்கல் பூட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது மூன்று நாள் மசியவில்லை. யாரையும் கேட்க வெட்கம். எல்லாப் புத்தகங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக அலைந்தேன். நான்காம் நாள் பக்கத்து லாக்கர்ப் பையன் ஒன்றும் கேட்காமல் என் சீட்டை வாங்கிப் பார்த்து, திறந்து காட்டி, மறுபடி மூடி, "இப்போது நீ" என்றான். அந்த வருடம் எனக்குக் கிடைத்த உருப்படியான கல்வி பெரும்பாலும் இந்த மாதிரிதான் வந்தது.

மதுரைக்குப் பக்கத்து ஊர் எனக்கு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன், வயது 16. மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் தேர்வாகி, ஒரு பண்ணைக் குடும்பத்தோடு பத்து மாதம் தங்கி, அந்தப் பள்ளியின் கடைசி வகுப்பில் படித்துத் திரும்பினேன். இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. டெக்சாஸில் இருக்கும் என் பேத்தி அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. எடுக்கக்கூடிய விருப்பப் பாடங்களின் பட்டியலைப் போன மாதம் அனுப்பி, "பாட்டி, நீங்கள் எதையெல்லாம் எடுத்தீர்கள்?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு எழுதத் தொடங்கிய கடிதம் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

நாங்கள் ஊரில் படித்தபோது தேர்வு என்றால் பரீட்சை மட்டுந்தான். தேர்ந்தெடுப்பது என்ற பொருளில் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்துக்குள் நான் கேட்டதே இல்லை. அயோவாவிலோ ஆலோசகர் என்று ஒருவர், தனி அறை, மேசை மேல் ஒரு தாள். கடைசி வகுப்புக்கு ஆங்கிலம், அமெரிக்க அரசியலமைப்பு, உடற்பயிற்சி மூன்றும் கட்டாயம். மிச்சப் பீரியட்களுக்கு நீயே சொல் என்றார். என்ன இருக்கிறது என்று கேட்டேன். தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்குப்பதிவு, மனையியல், விவசாயம், மரவேலை, உலோக வேலை, இயந்திர வரைபடம், பேச்சுக்கலை, வாத்தியக் குழு, பாடகர் குழு, லத்தீன். நாள்தோறும் ஒரு பீரியட் வீதம் ஒரு வருடம் படித்தால் ஒரு யூனிட். யூனிட்கள் சேர்ந்தால் பட்டயம். அல்ஜீப்ராவுக்கும் ஒரு யூனிட், மரப்பெட்டி செய்வதற்கும் ஒரு யூனிட். இதை அவர் இரண்டு தடவை சொல்லியும் நான் நம்பவில்லை.

அந்தக் கட்டடத்தில் அரசாங்கப் பணம் இரண்டு அலையாக வந்திருந்ததைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். 1917இல் வந்த ஸ்மித்–ஹியூஸ் சட்டம் விவசாயம், தொழில், மனையியல் பாடங்களுக்கு ஆசிரியர் சம்பளத்தில் பங்கு கொடுத்தது. பள்ளியின் பட்டறையும் மனையியல் சமையலறையும் அந்த வழியில் வந்தவை. 1957 அக்டோபர் 4 அன்று ரஷ்யர்கள் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பினார்கள். மறு வருடமே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறி, அறிவியல், கணிதம், அயல்மொழிகள், மாணவர் ஆலோசகர்கள் ஆகியவற்றுக்குப் பணம் கொட்டியது. ஆலோசகரின் அறையில் இன்னும் வண்ணப்பூச்சு வாசனை அடித்ததற்கு மாஸ்கோதான் காரணம்.

வகுப்பறைக் கொடிக்கு மட்டும் எந்த அலையும் வந்து சேரவில்லை. அலாஸ்கா சேர்ந்ததால் அந்த ஜூலை 4 முதல் சட்டப்படி கொடியில் 49 நட்சத்திரம். ஆகஸ்டில் ஹவாயும் சேர்ந்துவிட்டது, அடுத்த ஜூலையில் 50 ஆகிவிடும். ஒரு வருடத்துக்காக யார் புதுக் கொடி வாங்குவது என்று எங்கள் பள்ளி 48 நட்சத்திரத்தோடேயே நாளை ஓட்டியது. பண்ணைக்காரர்களின் சிக்கனம். எங்கள் ஊர்ச் செட்டியார் ஒருவர் அங்கே தலைமையாசிரியராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்.

நான் கேட்டது தட்டச்சு, பேச்சுக்கலை, மரவேலை. முதல் இரண்டும் கிடைத்தன. மூன்றாவதைக் கேட்டதும் ஆலோசகர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அப்படி. "அந்த நேரத்தில் பெண்களுக்கு மனையியல்" என்றார். கால அட்டவணையிலேயே இரண்டையும் ஒரே பீரியடில் போட்டிருந்தார்கள். பெண்ணுக்குப் பட்டறை கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. கேள்வி எழாதபடி கடிகாரம் பார்த்துக்கொண்டது. பேத்திக்கு எழுதிய கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட முதல் வரி இதுதான்: பட்டியலைப் பார்க்காதே, கால அட்டவணையைப் பார். எது எதோடு ஒரே நேரத்தில் வருகிறது என்பதில்தான் பள்ளிக்கூடத்தின் மனசு இருக்கிறது.

நான் ஏன் மரவேலை கேட்டேன்? எங்கள் வீட்டுக்குத் தச்சர் வருவார். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து இழைப்பார். சுருள் சுருளாக விழும் மரச்சீவல்களைப் பொறுக்கிக் காதில் மாட்டிக்கொள்வேன். இழைப்புளியை ஒருமுறை கையில் எடுத்தபோது தாத்தா அதட்டினார். அது நம் வேலை இல்லை. எனக்குப் பத்து வயதானபோது, 1953இல், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் வீட்டுத் தொழில் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயர் வாங்கி மறு வருடமே கைவிடப்பட்டது. பள்ளி ஆசிரியரான அப்பா அந்தத் திட்டத்தைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் அவரும் சுவரில் ஓர் ஆணி அடிக்க ஆள் அனுப்பித்தான் கூப்பிடுவார். அயோவாவிலோ டாக்டர் மகனும் பன்றிப் பண்ணைக்காரர் மகனும் ஒரே மேசையில் இழைத்துக்கொண்டிருந்தார்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிறப்பால் யாருக்கும் தடை இல்லாத அறை. பெண்ணாகப் பிறந்தவர்கள் நீங்கலாக.

நான் தங்கிய பண்ணை வீட்டுப் பெண்ணுக்கு, என் அமெரிக்கச் சகோதரிக்கு, இதைவிட மோசம். அவள் சொந்தமாகக் கன்று வளர்த்தாள். தீவனக் கணக்கு, எடைக் கணக்கு எல்லாம் நோட்டில் எழுதுவாள். விவசாய வகுப்புப் பையன்கள் பாதிப்பேருக்கு அவள்தான் யோசனை சொல்வாள். அவர்கள் எல்லோருக்கும் எதிர்கால விவசாயிகள் சங்கத்தின் நீலக் கார்டுராய் மேலங்கி உண்டு, முதுகில் பொன்னிற எழுத்தோடு. அந்தத் தேசிய சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969இல். பள்ளிக்கு வெளியே இயங்கிய 4-எச் என்ற இளையோர் சங்கம் வழியாகத்தான் அவள் தன் கன்றைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக முடிந்தது. "மேலங்கி போனால் போகிறது, கன்று என்னுடையது" என்பாள். எனக்குத்தான் ஆறவில்லை.

சரி, மனையியல். வேண்டாவெறுப்பாகப் போனேன். அறையைச் சின்னச் சின்னச் சமையலறைகளாகத் தடுத்திருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பெண்கள். முதல் சமையல் வெள்ளைச் சாறு, அதாவது ஒயிட் சாஸ்: வெண்ணெய், மைதா, பால். ஒரு கப் பாலுக்கு வெண்ணெயும் மாவும் ஒவ்வொரு மேசைக்கரண்டி என்றால் நீர்ப்பதம், இரண்டிரண்டு என்றால் நடுப்பதம், மூன்று மூன்று என்றால் கெட்டி. மாவைக் கரண்டியில் எடுத்துக் கத்தியின் முதுகால் வழித்துச் சமன் செய்ய வேண்டும். கண்ணளவில் உப்புப் போட்டு ஐம்பது பேருக்குச் சமைக்கும் பாட்டியின் பேத்திக்கு இது வேடிக்கையாக இருந்தது. அந்தச் சிரிப்பு அடங்க ஒரு மாதம் ஆனது. பாட்டியிடம் கற்க வேண்டுமானால் பாட்டி வீட்டில் பிறந்திருக்க வேண்டும். இந்த ஒன்று இரண்டு மூன்றை யார் வேண்டுமானாலும் கற்கலாம். பாட்டியின் வத்தக்குழம்பு அவரோடு போய்விட்டது. வெள்ளைச் சாற்றின் அளவு 60 வருடம் கழித்தும் எனக்குத் தூக்கத்தில் வருகிறது. எந்தக் காலத்திலும் அது எனக்குப் பிடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வகுப்பின் நிஜமான லாபம் அடுப்பில் இல்லை. ஒரு வாரம் முழுக்கத் தவணைக் கணக்குப் போட்டோம். 200 டாலர் குளிர்பதனப் பெட்டி. 20 டாலர் முன்பணம், பிறகு மாதம் 18 டாலராக 12 மாதம். கூட்டினால் 236. கடன் 180, அதன் மேல் 36, ஆக 20 சதவீத வட்டி என்று எல்லோரும் கை தூக்கினோம். ஆசிரியை தலையை ஆட்டினார். நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், 180 டாலர் வருடம் முழுதும் உங்கள் கையில் இல்லை, சராசரியாகப் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கிறது, அப்படியானால் உண்மை வட்டி நீங்கள் சொன்னதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்றார். வகுப்பு வாயடைத்துப்போனது. பிற்காலத்தில் 'சம வட்டி' (ஃபிளாட் ரேட்) என்று கடன் விற்க வந்தவர்களிடமெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி விரட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வீட்டு நிதி பற்றிய பாடம் இருந்தால், பெயர் எவ்வளவு சப்பென்று இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

தட்டச்சு அறைக்குள் நுழையும்போதே மழை பெய்வதைப்போல் சத்தம். சாவிகளின் மேல் எழுத்துகளே கிடையாது. எழுத்துகள் சுவரில் தொங்கும் படத்தில்தான். கையைப் பார்த்தால் பயனில்லை, தலையை நிமிர்த்தித்தான் ஆக வேண்டும். ஆசிரியை இசைத்தட்டில் அணிவகுப்பு இசையை ஓடவிட்டு அதன் தாளத்துக்கு எங்களை அடிக்கச் சொல்வார். வேகமாக அடிக்கும் கெட்டிக்காரிகள் தாளத்தை விட்டு ஓடினால் திட்டு விழும். வேகம் தானாக வரும், சீர்தான் வராது என்பது அவர் கட்சி. வரி முடியும் இடத்தில் டிங் என்று மணி. முப்பது பேரும் சேர்ந்து கைப்பிடியைத் தள்ளும்போது தறிக்கூடம் நினைவுக்கு வரும். ஐந்து தட்டு ஒரு சொல் என்று கணக்கு, பிழைக்குக் கழிவு. முதல் தேர்வில் கழிவு போக எனக்கு மிஞ்சியது பூஜ்யம். மே மாதம் நிமிடத்துக்கு 42 சொல்.

ஊருக்குத் திரும்பி மதுரையில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தேன். உரிமையாளர் என் 42ஐக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், முதலிலிருந்து" என்றார். ஒரு மாதம் அடித்தேன். அவர் செய்ததும் சரிதான், அவருடைய இயந்திரத்தில் சாவிகள் கனம். லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகள் இரண்டும் தேறி, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சராக நுழைந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றேன். நான் படித்த பாடங்களிலேயே எனக்குச் சோறு போட்ட ஒரே பாடம் அதுதான். வரலாற்றில் பட்டம் வாங்கியிருக்கிறேன், அதன் மேல் கோபமில்லை.

பேச்சுக்கலை வகுப்பில் ஐந்து நிமிடம், கையில் சின்ன அட்டை, பின்வரிசையில் நேரம் பார்க்க ஒருவர். என் முதல் பேச்சு 'இந்தியப் பண்பாடு'. தூங்காதவர்கள் ஆசிரியரும் நேரம் பார்த்தவரும் மட்டும். "இமயமலையில் தொடங்காதே, உன் கைப்பையில் தொடங்கு" என்றார் ஆசிரியர். அடுத்த தடவை பையிலிருந்து ஓர் அணாக் காசையும் நயா பைசாக்களையும் எடுத்து மேசையில் வைத்தேன். ஒரு ரூபாய்க்கு 16 அணா என்று இருந்ததை 1957 ஏப்ரலில் 100 நயா பைசா ஆக்கினார்கள். ஓர் அணா என்பது ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவைக் கடைக்காரர் விடுவதா, நாம் விடுவதா? மார்க்கெட்டில் அம்மா போட்ட சண்டையை நடித்தே காட்டினேன். தானியத்தை ஒரு புஷலுக்கு 4 பெக், 32 குவார்ட் என்று அளந்து பழகிய விவசாயிகளின் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபட்டது. பிறகு அந்த வட்டாரத்துத் தேவாலயம், ரோட்டரி சங்கம், மாதர் சங்கம் எல்லாவற்றிலும் காசுகளோடு ஏறி இறங்கினேன். அந்நிய ஊரில் பேசப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் கையில் ஒரு பொருள் கொண்டுபோங்கள். கூச்சத்தில் கைகள் நடுங்கினால் பிடித்துக்கொள்ளவும் ஆகும்.

இனி வகுப்புக்கு வெளியே. பள்ளி மணி மூன்றரைக்கு அடித்தாலும் பள்ளி முடிவதில்லை. மன்றம், ஒத்திகை, பயிற்சி என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். முதல் மாதத்தில் நான் ஏழில் சேர்ந்தேன், யார் கூப்பிட்டாலும் சரி என்றேன். அக்டோபரில் காய்ச்சலில் விழுந்தேன். அதன்பின் இரண்டு. இரண்டுக்கு மேல் சேர்கிறவர்கள் எதிலும் நாற்காலி எடுத்துப் போடுகிறவர்களாகத்தான் மிஞ்சுகிறார்கள்.

அந்தக் காய்ச்சலுக்கு ஒரு காரணம் உண்டு. ஹோம்கமிங் என்று இலையுதிர்காலத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தையொட்டி ஒரு திருவிழா, பழைய மாணவர்கள் வருவார்கள், ஊர்வலம் நடக்கும். எங்கள் வகுப்பு ஊர்தி ஒரு வைக்கோல் வண்டி. அதன் மேல் கோழிக்கூட்டுக் கம்பிவலையால் உருவம் வளைத்து, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு காகிதக் கைக்குட்டையைச் செருக வேண்டும். குளிரும் கொட்டகையில் நான்கு இரவு செருகினோம். காலையில் மழை. சிவப்புச் சாயம் ஒழுகி, நாங்கள் செய்த சிங்கம் தோலுரித்த ஆடு மாதிரி நின்றது. அப்படியே ஊர்வலம் விட்டார்கள், ஊரே கைதட்டியது. அந்தக் கால்பந்து விளையாட்டு மட்டும் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. காலுக்கும் அந்தப் பந்துக்கும் என்ன உறவு என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை.

ஆனால் பெண்கள் கூடைப்பந்து! அயோவாவில் அது தனி விளையாட்டு. ஓர் அணிக்கு ஆறு பேர். மூவர் களத்தின் ஒரு பாதியில் நின்று பந்து போடுவார்கள், மூவர் மறுபாதியில் தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது, பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக் கூடாது. பெண்களுக்கு மூச்சு வாங்கிவிடும் என்ற பழைய கவலையில் பிறந்த விதிகள். கவலைப்பட்டவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். பெரிய நகரத்துப் பள்ளிகள் இதில் இறங்கவில்லை, இது சிற்றூர்களின் ஆட்டம். மார்ச் மாதம் டெ மொய்ன் நகரத்து அரங்கில் மாநிலப் போட்டி நடந்தபோது ஆயிரக்கணக்கானோர் பெண்கள் ஆடுவதைப் பார்க்க டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். அப்போது பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்குப் பள்ளி அணிகளே கிடையாது. ஒரு பெண்ணை விவசாயிகள் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளாத அதே ஊர், அவள் பந்து போட்டால் தெருவில் வண்டியை நிறுத்திக் கைகொடுத்தது. எனக்கு இன்றும் இது புதிர்தான்.

நான் வைத்துக்கொண்ட இரண்டில் ஒன்று பள்ளிப் பத்திரிகை. ஊதா நிறத்தில் படியெடுக்கும் இயந்திரம். தாள்கள் ஈரமாக வரும், ஸ்பிரிட் வாசனை. வாங்கியவுடன் எல்லோரும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் படிப்பார்கள். டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் இந்தியாவுக்குப் போனபோது நான்தான் கட்டுரை எழுத வேண்டும் என்றார்கள். அவர் டெல்லியில், நான் அயோவாவில், இருந்தும் நேரில் பார்த்தவள் மாதிரி எழுதினேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

மற்றொன்று நாடகத்தின் மேடைப் பணிக் குழு. நடிக்க என் ஆங்கில உச்சரிப்பு இடம் கொடுக்காது என்று நானே ஒதுங்கிப் பின்பக்கம் போனேன். அங்கே காத்திருந்தது சுத்தியல். காட்சிச் சுவர் என்பது ஒரு சட்டகந்தான். பைன் மரச் சட்டங்களை மூலைமட்டம் வைத்துச் சேர்த்து, ஒவ்வொரு மூலையிலும் முக்கோணப் பலகைத் துண்டை அறைய வேண்டும். அடியில் இரும்புத் தகடு வைத்து அடித்தால் ஆணியின் முனை தகட்டில் முட்டி, வளைந்து, மரத்துக்குள்ளேயே திரும்பிக் கவ்விக்கொள்ளும். அதன் மேல் இழுத்துக் கட்டுவது நம் ஊர்க் காடாத் துணியேதான். தொட்டுப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எனக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. வஜ்ஜிரப் பசை கலந்த நீரைப் பூசினால் துணி சுருங்கி, விடிவதற்குள் மத்தளத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். விரலால் சுண்டினால் டம் என்று ஒலிக்கும். முதல் நாள் மூன்று ஆணியும் ஒரு கட்டைவிரலும் வளைந்தன. நகம் கறுத்து விழுந்து புதிதாக முளைக்க ஐந்து மாதம் ஆயிற்று.

சட்டங்களை அறுக்க எங்கே போவது? பட்டறைக்கு. நான்கு மணிக்குப் பிறகு அந்த அறை யாருடைய வகுப்பும் இல்லை, ஆகவே எந்த அட்டவணையும் அங்கே செல்லாது. மரவேலை ஆசிரியர் என்னைப் பார்த்தார், என் பாவாடை தாவணியைப் பார்த்தார். ஒரு மேலுடையை எடுத்துக் கொடுத்து, தலைமுடியைக் கட்டு, வளையலைக் கழற்று, ரம்பத்தை அழுத்தாதே, அதன் எடையே அறுக்கும் என்றார். அவ்வளவுதான். நடுப்பகலில் எனக்குக் கூடாத அறை, சாயங்காலம் கூடியது. விதிகள் யூனிட்டைக் காவல் காத்தன, வேலையை அல்ல. இழைப்புளியை அங்கேதான் முதன்முதலாக முழுதாகத் தள்ளினேன். சுருள் விழுந்தது. காதில் மாட்டிக்கொள்ளும் வயது போய்விட்டதால் பையில் போட்டுக்கொண்டேன்.

வகுப்பாகக் கிடைக்காதது மன்றமாகக் கிடைக்குமா என்று பாருங்கள் என்று பிள்ளைகளிடம் நான் சொல்வது இதனால்தான். கூடவே இன்னொன்று: பாடத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் அதை நடத்துவது யார் என்று விசாரிக்க வேண்டும். அதே பள்ளியில் லத்தீன் ஆசிரியர் உயிரோடு இருக்கும் மொழியைக்கூடக் கொன்றிருப்பார். தட்டச்சு ஆசிரியை எதை நடத்தியிருந்தாலும் நான் போயிருப்பேன்.

அரசியலமைப்பு வகுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ நகரத்தில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடையில் உட்கார்ந்து, காபி கேட்டு, கொடுக்காததால் எழுந்திருக்க மறுத்தார்கள். அந்த வாரம் அது வகுப்பில் பேச்சாயிற்று. எங்கள் பள்ளியில் ஒரு கறுப்பின மாணவர்கூட இல்லை. ஒரு பெண் என் பக்கம் திரும்பி, "உனக்கு அங்கே காபி கொடுப்பார்களா?" என்று கேட்டாள், வெகுளியாக. தெரியவில்லை என்றேன். "உங்கள் நாட்டில் இப்படி உண்டா?" எங்கள் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டது, 1955இல் தண்டனைச் சட்டமும் வந்துவிட்டது என்று பிசகில்லாமல் ஒப்பித்தேன். ஆசிரியர் பாராட்டினார். எங்கள் ஊர் டீக்கடையில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த குவளைகளைப் பற்றி நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பட்டறைக்குப் போனேன், சரியாக அறுக்க வரவில்லை.

மே மாதம் பிராம் நடனம், பெரிய வகுப்பு மாணவர்களின் வருடக் கடைசி விழா. அதற்கு முன் வகுப்பார் நடத்தும் சாக்ஸ் நடனங்கள். உடற்பயிற்சிக் கூடத்தின் மெழுகிட்ட தரை கெடக் கூடாது என்று காலணியை வெளியே கழற்றிவிட்டு ஆடுவார்கள். வெறுங்காலோடு போனதில் எனக்கு மட்டும் வசதி. பிராமுக்குக் கடைசிக்கு முந்திய வகுப்பார்தான் வருடம் முழுக்கப் பணம் சேர்ப்பார்கள், ஆட்டங்களின்போது சோளப்பொரியும் பானமும் விற்று. ஆள் குறைந்த நாளில் நானும் கல்லாவில் நின்றேன். சில்லறை கொடுக்கும் முறை அங்கேதான் கற்றேன். 35 சென்டுக்கு வாங்கி ஒரு டாலர் தந்தால் கழித்துப் பார்க்கக் கூடாது. ஐந்து சென்டை வைத்து "நாற்பது", பத்து சென்டை வைத்து "ஐம்பது", அரை டாலரை வைத்து "ஒன்று". வாங்குபவரும் கூடவே எண்ணுவார், தகராறு வராது.

வண்டி ஓட்டும் பாடமும் இருந்தது. வகுப்பில் 30 மணி நேரம், சாலையில் 6 மணி நேரம். எங்கள் திட்டத்தின் விதிப்படி நாங்கள் வண்டியைத் தொடக் கூடாது. பீரியட் காலியாக இருந்ததால் 30 மணி நேரமும் உட்கார்ந்து, எழுத்துத் தேர்வில் முதலிடம் வாங்கினேன். இன்றுவரை வண்டி ஓட்டத் தெரியாது. என் மகன் ஓட்டும்போது திருத்தம் மட்டும் சொல்வேன்.

திரும்பி வந்ததும் ஓர் அடி விழுந்தது. பி.யூ.சி.யில், அதாவது அன்றைய புகுமுக வகுப்பில், சேரப் போன கல்லூரியின் அலுவலகத்தில் என் அமெரிக்கச் சான்றிதழைப் புரட்டிய எழுத்தர், "தட்டச்சுக்கும் சமையலுக்குமா மார்க் போட்டிருக்கிறார்கள்?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் காட்டிச் சிரித்தார். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் கையில் இருந்ததால் இடம் கிடைத்தது. அயோவா வருடம் கணக்கில் சேரவில்லை. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும், தொழில், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல் எல்லாம் பாடமாக வேண்டும் என்று 1953இலேயே அறிக்கை கொடுத்திருந்தது. அறிக்கை அந்த மேசைவரை வந்து சேரவில்லை. நாடு விட்டு நாடு மாறும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன்: விருப்பப் பாடங்களோடு கணிதத்தையும் ஓர் அறிவியலையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் என்ன நடத்தினார்கள் என்ற விவரத்தைப் பள்ளி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது கேட்கத் தோன்றவில்லை.

பள்ளி ஆண்டு மலர் இன்னும் என்னிடம் இருக்கிறது. மேடைப் பணிக் குழுப் படத்தில் ஒரு சட்டகத்தின் பின்னால் என் பாதி முகமும் ஒரு சுத்தியலும் தெரிகின்றன. கீழே என் பெயரில் மூன்று எழுத்துப் பிழை.

நேற்றுப் பேத்தி மறுபடி எழுதியிருந்தாள். மரவேலையை எடுக்கலாம் என்று பார்த்தாளாம். இப்போது யாரும் தடுப்பதில்லை. ஆனால் அதுவும் வயலின் குழுவும் ஆறாவது பீரியடில் மோதுகின்றன, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். இரண்டையும் நடத்துகிறவர்கள் யார் யார் என்று விசாரித்து எழுது, சாயங்காலம் அந்தப் பட்டறையைப் பூட்டுகிறார்களா என்பதையும் கேள் என்று பதில் போட்டிருக்கிறேன்.